பெயர் சொல்லி

“எந்த டம்ளர்ல குடுக்கிறது? அதை முதல்ல சொல்லிடுங்க” என்று சமையலறையிலிருந்து மௌரீன் கேட்டாள்.

கூடத்தில் பெர்னார்ட் டைப் அடித்த ஒரு தாளை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“உங்களைத்தான் கேக்கிறேன். அவ வந்துடுவா.”

“நல்ல கப்புலயே குடு. விருந்தாளி வந்தா குடுப்போமே, அதுல.”

மௌரீன் ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். “பதினோரு வருஷமா தோணல. இன்னிக்குத் தோணுதா?”

ஆஸ்டின் டவுனில் இருந்த அந்த வீட்டுக்குப் பாஞ்சாலி பதினோரு வருஷமாக வந்து போகிறாள். மாதா கோயிலைப் பெருக்கித் துடைக்கிறவள் அவள். சாவி வாங்கவும் கொடுக்கவும் பின்வாசலுக்கு வருவாள். அங்கே தண்ணீர்த் தொட்டியின் மேல் அவளுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். காபியைக் குடித்துவிட்டு அவளே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

பெர்னார்ட் கோயில் பள்ளிக்கூடத்தில் கிளார்க், கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைக்குச் செயலாளர். பேரவைத் தலைவர் காண்டிராக்டர் சவரிராயன். இருவருக்கும் பூர்வீகம் வட ஆற்காடு, ஒரே சாதி. ஞானஸ்நானம் வாங்கி நாலு தலைமுறை ஆகியும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்தச் சாதிக்குள்தான். பாஞ்சாலியின் குடும்பமும் அதே ஜில்லாதான், ஆனால் காலனி. ஞானஸ்நானத்தில் அவளுக்கு மேரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது கோயில் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை கோயிலில் கல்யாணம். எல்லாரும் போன பிறகு பூவையும் காகிதத்தையும் பெருக்கி மூட்டை கட்டினாள் பாஞ்சாலி. அவளுக்கு உதவியாக வந்திருந்த அவள் கணவன் பெருமாள்சாமி, வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு குப்பைத் தொட்டியை நோக்கி நடந்தான். மணி ஐந்தரை இருக்கும். பின்னால் வந்த சவரிராயனின் வெள்ளைக் கார் அவனை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிற்று. ஆஸ்பத்திரி போவதற்குள் அவன் உயிர் போய்விட்டது. மறுநாள் காலை சவரிராயனின் டிரைவர் நாராயணசாமி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தான்தான் ஓட்டினேன் என்று சொன்னான்.

ஓட்டியது அவனல்ல, சவரிராயனின் மகன் விக்கி. இருபது வயசுப் பையன். கோயில் கேட்டைப் பூட்டுவதற்காக நின்றிருந்த பெர்னார்ட் அதைக் கண்ணால் பார்த்தார். விக்கி ஸ்டியரிங்கில் இருந்தான். நாராயணசாமி ரோட்டில் நின்றுகொண்டு, “வேணாம் தம்பி, சாவியைக் குடுங்க” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்தபோது, “அந்த வண்டியை டிரைவர்தான் ஓட்டுவான் சார்” என்றார் பெர்னார்ட். அது பொய்யில்லை என்று அன்றைக்கு அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். தினமும் அந்த வண்டியை டிரைவர்தான் ஓட்டினான். அன்று ஒரு நாள் ஓட்டவில்லை, அவ்வளவுதான். பாஞ்சாலியிடம் கன்னடத்தில் எழுதிய ஒரு காகிதத்தில் போலீஸ்காரர்கள் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். யார் ஓட்டினார் என்று தெரியாது என அதில் எழுதியிருந்தது அவளுக்கு வெகுநாள் தெரியாது.

இப்போது பிப்ரவரி. கேஸ் கோர்ட்டுக்கு வரப் போகிறது. விக்கி ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போக வேண்டும். பங்கில் ஆளுக்கு ஆள் முணுமுணுக்கிறார்கள். சவரிராயன் ஒரு வழி சொன்னார். ஞாயிறு பூசையில் பாஞ்சாலி எல்லார் முன்னாலும் நாராயணசாமியை மன்னித்துவிட வேண்டும். பிறகு கோர்ட்டில் ‘நான் பார்க்கவில்லை’ என்று சொல்லிவிட்டால் சாட்சியில்லாமல் கேஸ் நிற்காது, டிரைவரும் தப்பித்துவிடுவான். பங்குச் சாமியார் புதிதாக வந்தவர், நல்லவர். நல்லவராகவே இருந்துவிடலாம் என்று எதையும் துருவிக் கேட்காதவர். அவருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. அவளிடம் பேசும் வேலை பெர்னார்டுக்கு வந்தது.

பின்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பெர்னார்ட் எழுந்து போய், “இந்தப் பக்கமா வாங்க மேரியம்மா, உள்ள வாங்க” என்றார்.

பாஞ்சாலி தனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. மௌரீன் பூப்போட்ட கப்பில் காபி கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்து முடித்த பாஞ்சாலி, அதைக் கழுவி வைப்பதற்காக எழுந்து பின்பக்கம் போகப் பார்த்தாள். “இருக்கட்டும், வைங்க… வை” என்று மௌரீன் தடுமாறி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

பெர்னார்ட் விஷயத்தைச் சொன்னார்.

“யாரை மன்னிக்கணும் சார்?”

“அந்த டிரைவரைத்தான். நாராயணசாமியை.”

“அவுரு பொண்டாட்டி எல்லம்மா எங்க ஊட்டுக்கு வருது சார், ஜோகுபாளையத்துலேர்ந்து. மொத நாளு வந்து கால்ல வுழுந்துச்சு. லைசன்ஸ் போச்சு, ஜெயிலுக்குப் போயிடுவாரோன்னு ஒரே அழுகை. ரெண்டு பேரும் சேர்ந்து அழுதோம். அப்புறம் இருந்த ரசத்தை ஊத்திச் சாப்ட்டோம்.”

“பாத்தீங்களா, உங்க மனசு அப்பவே இளகிடுச்சு. எதிரியையும் நேசிக்கணும்னு ஆண்டவர் சொன்னாரு. நாளைக்கு வாசகமே அதுதான் மேரியம்மா.”

“எதிரியை நேசிக்கிறது சும்மனே வராது சார்.” அவள் குரல் தணிந்தது. “மாதா செலை இருக்கிற கெபியைப் பெருக்குறப்ப, அந்தப் பேரு நெனப்புக்கு வந்தாலே சாபம்தான் வரும். வெளக்கமாத்தைக் கீழ போட்டுட்டு ஓன்னு திட்டியிருக்கேன். பொங்கலுக்கு அப்புறம்தான், கொஞ்சங்கொஞ்சமா, பேரைச் சொல்லி ஜெபம் பண்ண வருது.”

எந்தப் பெயரை என்று பெர்னார்ட் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று அவருக்கு அப்போதே தெரிந்தது.

“அப்ப நாளைக்குச் சொல்லிடுறீங்களா? இதுல எழுதியிருக்கு.”

“எனக்குப் படிக்க வராதே சார். நானே சொல்லிடுறேன். மைக்குலதானே?”

“மைக்குலதான்.”

“செரி சார். எல்லாருக்கும் கேக்கணும். எல்லம்மாவையும் கூட்டிட்டு வரேன்.”

அவள் பழக்கத்தில் பின்வாசல் வழியாகவே போனாள். பெர்னார்ட் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பாரம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை.

“நீங்க அன்னிக்குக் கேட்டுலதானே நின்னுட்டு இருந்தீங்க?” என்றாள் மௌரீன்.

“இருட்டிப் போச்சு. சரியாத் தெரியல.”

“அஞ்சரை மணிக்கா இருட்டிடுச்சு?”

அவர் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணித் தமிழ்ப் பூசையில் உட்கார இடமில்லை. எப்படியோ செய்தி பரவியிருந்தது. இரண்டாம் வரிசையில் சவரிராயன் குடும்பம் உட்கார்ந்திருந்தது. வெள்ளைச் சட்டையில் விக்கி தலையைக் குனிந்திருந்தான். சாமியார் உருக்கமாகப் பிரசங்கம் செய்தார். நம்மை நேசிப்பவர்களை நாம் நேசிப்பதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது, நமக்குத் தீங்கு செய்தவனுக்காக நம்மால் முழங்கால் போட முடியுமா என்று கேட்டார். சவரிராயனின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாரும் வரிசையில் போய் நற்கருணை அப்பம், நன்மை, வாங்கி முடிந்ததும் சாமியார் தலையசைத்தார். கடைசித் தூணுக்குப் பின்னால் எல்லம்மாவோடு நின்றிருந்த பாஞ்சாலியைப் பெர்னார்ட் கூட்டிக்கொண்டு வந்தார். தான் தினமும் துடைக்கிற பளிங்குப் படியில் கால் வைக்க அவள் தயங்கினாள். அவரே மைக்கை இறக்கிப் பிடித்தார்.

“என் பேரு மேரி, பாஞ்சாலின்னு கூப்புடுவாங்க. என் ஊட்டுக்காரரு செத்ததுக்கு மன்னிக்கணும்னு சொன்னாங்க. நான் மன்னிச்சுட்டேன்.”

கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. யாரோ கை தட்ட ஆரம்பித்து நிறுத்தினார்.

“ஆனா நாராயணசாமியை மன்னிக்க என்னா இருக்குது? அவுரு வண்டியே ஓட்டல. அவுரு எனக்கு ஒரு தப்பும் பண்ணல. தோ அவுரு பொண்டாட்டி நிக்குது, அதுதான் எனக்குக் கஞ்சி ஊத்துச்சு. ஓட்டினது விக்கி தம்பி. நான் பாத்தேன். என் ஊட்டுக்காரரு மேல ஏத்திட்டு, தம்பி திரும்பி என்னைப் பாத்துச்சு. பயந்து ஓடிடுச்சு. தம்பி, உன்னை நான் மன்னிச்சுட்டேன். மூணு மாசம் முடியல. இப்ப முடியுது. தினமும் உனக்காக ஜெபம் பண்றேன்பா.”

விக்கி முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அவன் எழுந்திருக்கப் பார்த்ததையும், சவரிராயனின் கை அவன் தொடையை அழுத்தி உட்கார வைத்ததையும் முன்வரிசைக்காரர்கள் எல்லாருமே பார்த்தார்கள்.

மைக்கை அணைக்கும்படி யாரோ பெர்னார்டுக்குச் சைகை காட்டினார்கள். பொத்தான் அவர் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. அதற்குள் பாஞ்சாலி அவர் பக்கம் திரும்பினாள்.

“பெர்னார்ட் சாரும் கேட்டாண்ட நின்னுட்டுப் பாத்துட்டுதான் இருந்தாரு. போலீஸ்கிட்ட வேற மாதிரி சொல்லிட்டாரு. சார், உங்களையும் மன்னிச்சுட்டேன்.”

அதில் கோபம் இல்லை. வீட்டில் காபி குடித்தபோது இருந்த அதே மரியாதைக் குரல். அதுதான் பெர்னார்டுக்குத் தாங்கவில்லை. ஏசியிருந்தால் அவரும் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். பொத்தானை அழுத்தினார். அவள் மேலும் ஏதோ சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

அன்று மாலையே பேரவை கூடியது. சாமியார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சவரிராயன் கத்தவில்லை. கத்தாமல் பேசுவதுதான் அவர் வழக்கம்.

“துக்கத்துல புத்தி கலங்கியிருக்கு. நாம அதைப் பெருசு பண்ண வேணாம். கிறிஸ்தவங்க நாம. மன்னிச்சுடுவோம். என்ன ஃபாதர்?”

“மன்னிக்கிறதுதான் நல்லது” என்றார் சாமியார்.

“ஆனா திவ்ய பலி நடக்கிற எடத்துல வந்து ஒரு குடும்பத்து மேல சேறு பூசினவளை நாளைக்கு அதே எடத்தைப் பெருக்கச் சொல்ல முடியாது. ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க. பெர்னார்ட், எழுதுப்பா.”

பெர்னார்ட் எழுதினார். அவருடைய எழுத்து முத்து முத்தாக இருக்கும். கணவனை இழந்த வேதனையில் நிலை தடுமாறிய சகோதரி மேரி கூறிய அவதூறைப் பங்குச் சமூகம் முழுமனதோடு மன்னிக்கிறது என்றும், அவரது உடல்நலம் கருதி கோயில் பணியிலிருந்து அவருக்கு ஓய்வு அளிக்கிறது என்றும் தீர்மானம் எழுதி, கீழே செயலாளர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது பொத்தான் கழல மாட்டேனென்றது.

“அவளை மன்னிச்சீங்களாமே?” என்றாள் மௌரீன். “பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. எதுக்கு மன்னிச்சீங்க?”

“நான் என்ன பண்றது மௌரீன்? ஸ்கூல் மேனேஜ்மெண்டே அவரு கையில இருக்கு. ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருக்கு.”

“நானும் பெரிய யோக்கியம் இல்லீங்க. அந்த டம்ளரை வெளிய வெச்சது நான்தான். ஆனா அவ செத்துப்போன புருஷனுக்குப் பதிலா நம்ம வீட்டுல ஒரு பிணம் விழணும்னா கேட்டா? பேரைத்தானே சொன்னா?”

அதன் பிறகு அவர்கள் வீட்டில் தேவைக்கு மேல் பேச்சு இல்லை. பெர்னார்ட் தினமும் பூசைக்குப் போனார். ஆனால் நன்மை வாங்க எழுந்திருக்கும் வரிசையில் அவர் கால் நகரவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு இரண்டு முறை போய், கோபப்பட்டேன், ஜெபத்தில் பராக்காக இருந்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். மன்னிப்பு ஏற்கெனவே கிடைத்தாகிவிட்டது. மைக்கில், ஊர் முழுக்கக் கேட்கக் கிடைத்தது. அதை வாங்கிக்கொள்ள முடியாமல் இருந்ததுதான் அவர் படுகிற பாடு.

மே மாதம் விக்கி விமானம் ஏறினான். புறப்படுவதற்கு முன் ஒரு நாள் பாஞ்சாலியின் வீட்டு வாசல் வரை ஸ்கூட்டரில் வந்து, இறங்காமல் திரும்பிப் போனான் என்று எல்லம்மா சொன்னாள்.

ஜூனில் பாஞ்சாலி கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறினாள். கைநாட்டுக் காகிதத்தில் இருப்பது தன் வார்த்தையே இல்லை, ஓட்டியவன் விக்கி, நாராயணசாமி ரோட்டில் நின்றான் என்று சொன்னாள். வேறு யார் பார்த்தார்கள் என்று கேட்டதற்கு, “கோயில் செயலாளரு” என்றாள். இரண்டு வாரத்தில் பெர்னார்டுக்குச் சம்மன் வந்தது.

அன்று சாயங்காலமே சவரிராயன் வீடு தேடி வந்தார். “பெருசா ஒண்ணும் இல்லைப்பா. நீ உள்ள மெழுகுவத்தி அணைச்சுட்டு இருந்தே. வெளிய என்ன நடந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நம்ம ஜனம் நம்மளை விட்டுக் குடுக்காது. நீயும் குடுக்க மாட்டே.” போகும்போது தோளைத் தட்டிக்கொடுத்தார். ‘நம்ம ஜனம்’ என்ற சொல் பிறந்ததிலிருந்து பெர்னார்ட் கேட்ட சொல். வாசலில் நின்றபடி அதை அன்றுதான் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார்.

கோர்ட்டுக்கு மௌரீனும் கூட வந்தாள். வராந்தா பெஞ்சில் பாஞ்சாலியும் எல்லம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பாஞ்சாலி இப்போது ஒரு ஆபீசில் பெருக்குகிறாளாம். பெர்னார்டைக் கண்டதும் அவள் எழுந்து நின்றாள். “உக்காரும்மா” என்றார். மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதைத்தான் அவள் எப்போதோ கொடுத்துவிட்டாளே. மௌரீன் நகர்ந்து போய்ப் பாஞ்சாலிக்குப் பக்கத்தில், இடிபடுகிற நெருக்கத்தில், உட்கார்ந்தாள்.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் நின்று சத்தியம் செய்தார். அரசு வக்கீல் கேட்டார். பெர்னார்ட் சொன்னார். நேரம் ஐந்தரை, வெளிச்சம் இருந்தது, கேட்டிலிருந்து கார் முப்பது அடி தூரம், ஸ்டியரிங்கில் விக்கி, நாராயணசாமி சாவி கேட்டுக் கெஞ்சியது எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவன் நிற்கிற இடத்தில் நாராயணசாமி கையைக் கூப்பிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான்.

நாராயணசாமிக்கென்று சவரிராயன் வைத்துக்கொடுத்திருந்த வக்கீல் எழுந்தார். தொழிலில் பழகின ஆள், மெதுவாகவே கேட்டார்.

“போலீஸ்கிட்ட டிரைவர்தான் ஓட்டுவான்னு சொல்லியிருக்கீங்க?”

“சொன்னேன்.”

“அது பொய்யா?”

“பொய்தான்.”

“ஏழு மாசமா வாயைத் திறக்கல. இப்ப வந்து கதை சொல்றீங்க. யார் சொல்லிக் குடுத்தது? இவ்வளவு நாள் ஏன் சொல்லல? கோர்ட்டுக்குச் சொல்லுங்க.”

பயம் என்று சொல்லலாம். வேலை போய்விடும் என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான், இரண்டையும் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள். பெர்னார்ட் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“ஓட்டின பையன் எங்க ஜாதி சார். செத்துப்போனவரு எங்க ஜாதி இல்ல. எங்க ஆளு ஒருத்தர் அப்படி ரோட்டுல விழுந்திருந்தா அன்னிக்கு ராத்திரியே ஸ்டேஷன்ல போய் நின்னிருப்பேன். இவரு பாஞ்சாலி புருஷன்தானேன்னு விட்டுட்டேன். நான் தினமும் பூசை காணுற கிறிஸ்தவன் சார்.”

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் விரல்களை நிறுத்திவிட்டு, இதை எப்படி எழுதுவது என்பதுபோல் நீதிபதியைப் பார்த்தாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதெல்லா பேடா. கேஸிகே சம்பந்தா இல்லா” என்றார் கன்னடத்தில். அதெல்லாம் வேண்டாம், வழக்குக்குச் சம்பந்தமில்லை.

டைப் அடித்த பெண், ஜாதியைப் பற்றி அதுவரை அடித்திருந்த அந்த ஒரு வரியின் மேல் வரிசையாக எக்ஸ் அடித்து மறைத்துவிட்டு, அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள்.